மஞ்சள் கரிசாலைக் கணக்கு

நாரணாபுரம்
9-1-1959

ஞானதீபத்துக்கு ஸ்தோத்திரம்.

அன்று காலை என் வீட்டில் இருந்தவர்கள்: நான், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்திருந்த உன் மகள் கிருபை, எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்க வந்த பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய், பிறகு நோயாளி, அதாவது என் கூடப்பிறந்த தம்பி, உன் புருஷன் ஞானசீலன். ஆக ஐந்து பேர். ஆறாவது ஆள் இல்லை.

அடக்கத்தன்று ஊரே கூடியிருந்த இடத்தில், "யாரு யாரு இருந்தீக? எல்லாரும் சேர்ந்து என்னத்தைக் கொடுத்துக் கொன்னீக?" என்று கேட்டாய். போதகர் முன்னால் கேட்டாய். அதற்குப் பதிலை இப்போது எழுதித் தருகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

அவனுக்குக் கண் மஞ்சளானது டிசம்பர் முதல் வாரம். கம்பெனிக்கு லீவு சொல்லச் சொன்னதே நான்தான். பத்தாம் தேதி புதன்கிழமை மருந்து ஆரம்பித்தேன். ஏழு நாள் மருந்து. மஞ்சள் கரிசாலை இலை விழுது, கொட்டைப்பாக்கு அளவு, வெறும் வயிற்றில் மோரில் கலக்கி. உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் தள்ளுபடி. ஐந்தாம் நாள் கண் வெளுத்தது, சிறுநீரும் தெளிந்தது. ஆறாம் நாள், 15-ம் தேதி திங்கட்கிழமை, மருந்து குடித்த ஒரு மணி நேரத்தில் வாந்தி. கம்பெனி கார் வந்து சிவகாசிக்குக் கொண்டுபோவதற்குள் மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. இவ்வளவுதான் நடந்தது. இதில் நான் மறைத்தது ஒன்றுமில்லை.

பதினாலு வருஷமாக யாருக்கு என்ன கொடுத்தேன், எத்தனை நாள் கொடுத்தேன், குணமானதா இல்லையா என்று நோட்டில் எழுதி வருகிறேன். காமாலைக்கு மட்டும் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு பேர் நடமாடுகிறார்கள்.

நீ என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாய். கிருபை சுகமாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். உன் சுகத்துக்கு எழுது.

இன்பம்


நர்ஸ் குடியிருப்பு, பாளையங்கோட்டை
16-1-1959

மதினி அவர்களுக்கு,

சுகம். கிருபையின் சுகம் அறிந்தேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கள். பலசரக்குப் பொட்டலம் கட்டி வரும் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே இவ்வளவு எழுதக் கற்றுக்கொண்டதை அவர் என்னிடம் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பெருமைதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வைத்தியர் ஆகிவிட முடியாது.

நான் பத்து வருஷமாக நர்ஸ். காமாலை முற்றிச் சாகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் வயிறு வீங்கி, புத்தி தடுமாறி, பல நாள் கிடந்து சாகிறார்கள். காலையில் நடந்து வந்து திண்ணென்று உட்கார்ந்து மோர் குடித்தவர், பத்து மணிக்குக் கை தூக்க முடியாமல், பன்னிரண்டு மணிக்குக் கழுத்து நிற்காமல், புத்தி மட்டும் தெளிவாக இருந்து சாக மாட்டார். கை கால் விழுந்ததை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லையே, ஏன்? மறைத்தது ஒன்றுமில்லை என்கிறீர்கள். கார் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவருக்கு எழுதினேன். "அக்கா பார்த்துக்கிடும்" என்று பதில் போட்டார். கிணற்றடியில் முளைக்கிற களை, கழுவாத இலை, கழுவாத கல். இதுதான் உங்கள் ஆஸ்பத்திரி.

நான் அடக்கம் முடிந்து இங்கே திரும்பியபோது அவர் கடைசியாக எழுதிய கடிதம் எனக்காகக் காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதியது. உடம்பு தேறிவிட்டது என்று எழுதியிருக்கிறார். தேறின மனுஷனுக்குத் திங்கட்கிழமை நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கிருபைக்கு இருமல் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஓர் இலை அவள் வாயில் படக்கூடாது.

ஞானதீபம்


நாரணாபுரம்
24-1-1959

ஞானதீபத்துக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். அதை நிறுத்த உன் கடிதத்தால் முடியாது.

களை என்று எழுதியிருக்கிறாய். இத்துடன் காகிதத்தில் வைத்து அழுத்தி, இலையும் பூவுமாக ஒரு கொடி அனுப்பியிருக்கிறேன். உன் டாக்டர்களிடம் காட்டு. தரையோடு தரையாகப் படரும். கணுவுக்குக் கணு வேர் விடும். இலை சொரசொரப்பாக இருக்கும், கசக்கினால் கை கறுக்கும். பூ சட்டைப் பொத்தான் அளவு, நல்ல மஞ்சள். வெட்டுக்காயப் பூண்டு என்று ஒன்று உண்டு. அதன் பூ நீட்டுக் காம்பில் தனியாக நிற்கும், ஓரம் வெளுத்திருக்கும். அதை அறுத்த விரலுக்குக் கசக்கி வைப்பேன், வாய்க்குக் கொடுக்க மாட்டேன். இரண்டையும் மாற்றிப் பறிக்க எனக்குக் கண் அவிந்துவிடவில்லை.

இந்தக் கரிசல் காட்டில் தானாக முளைக்கிற செடி இல்லை அது. குடம் நிரப்பும்போது சிந்துகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி விட்டு, பதினாலு கோடை காப்பாற்றி வைத்திருக்கிறேன். காமாலைக்கு அதுதான். பிள்ளைகளின் சளிக்குச் சாறு நாலு சொட்டுத் தேனில். தலைமுடிக்கு எண்ணெயில் காய்ச்சி. மூக்கம்மாளின் பேரப்பிள்ளைக்கு நெஞ்சுச் சளி கரைந்தது இதனால்தான். மல்லாங்கிணற்றிலிருந்து கருத்தப்பாண்டி வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப்போனார். இன்றைக்கும் உழவு ஓட்டுகிறார்.

கழுவாத இலை என்று எழுதினாய். மூன்று தண்ணீரில் அலசாமல் நான் இலையை அரைத்ததில்லை. கல்வத்துக்கு மட்டும் தண்ணீர் காட்ட மாட்டேன், அது உண்மை. மருந்து அரைக்கிற கல்லில் சாறு ஊறி ஊறித்தான் அதற்குப் பலம் வரும். தண்ணீர் விட்டால் ஊறியது போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்துக் கவிழ்த்து வைப்பேன். இது என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஞாயிற்றுக்கிழமை கல்வத்தைத் தொடுவதும் இல்லை. ஞாயிறு மருந்தைச் சனிக்கிழமையே அரைத்து மூடி வைப்பேன்.

நோட்டில் பன்னிரண்டாவது பெயரை உனக்குச் சொல்லவா? "1950 நவம்பர். ஞானதீபம், தம்பி பெண்சாதி. பிள்ளை பெற்று நாற்பதாம் நாள், கண் மஞ்சள். ஏழு நாள் மருந்து. குணம்." அன்றைக்கு இதே கல், இதே களை. முகம் சுளிக்காமல் குடித்தாய். "மதினி, நீங்க எனக்கு ரெண்டாவது தாய்"ன்னு சொன்னாய். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அவன் கடைசியாக எழுதிய கடிதத்தில் ஒரு வரியை மட்டும் எடுத்து என் முகத்தில் வீசியிருக்கிறாய். மற்ற வரிகளில் என்ன இருக்கிறது? என் தம்பி எழுதிய கடைசி எழுத்து. முழுவதும் எழுது.

செடியைப் பிடுங்க மாட்டேன்.

இன்பம்


பாளையங்கோட்டை
12-2-1959

மதினி அவர்களுக்கு,

சுகம்.

நீங்கள் அனுப்பிய கொடியை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். செடிகளைப் பற்றிய பெரிய புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். நீங்கள் சொன்ன செடிதான். கொட்டைப்பாக்கு அளவு அல்ல, ஒரு குத்து தின்றாலும் மனுஷன் சாக மாட்டான், மிஞ்சினால் வயிறு கழியும் என்றார்கள். நியாயத்தை நான் மறைக்கிறவள் அல்ல. உங்கள் செடி அவரைக் கொல்லவில்லை.

அப்படியானால் வேறு எதுவோ கொன்றது. அது உங்கள் டம்ளரில் இருந்தது.

வெள்ளைத்தாயின் மகள் மாரித்தாயை இந்தப் பக்கம்தானே கட்டிக்கொடுத்திருக்கிறது? பிரசவத்துக்கு எங்கள் வார்டுக்கு வந்தாள். துணைக்கு வெள்ளைத்தாய். நான் கேட்காமலே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தாயி, நான் வாளியை எறக்குதேன், உங்க வீட்டுக்காரரு மோரை ஒரு மடக்குக் குடிச்சிட்டு, 'என்னக்கா, இன்னைக்கு உப்பு போட்டுட்டியா? அஞ்சு நாளைக்கப்புறம் நாக்குக்கு உசிரு வந்த மாதிரி இருக்கு'ன்னு சிரிக்காரு. அதுக்கு இன்பத்தம்மா, 'ஏலே, செத்த நாக்குக்கு எல்லாம் கரிக்கத்தான் செய்யும். கண்ணை மூடிக்கிட்டு முழுங்குலே'ன்னு அதட்டுனாக. நான் காதாலே கேட்டேன்."

உப்பில்லாப் பத்தியத்தில் உப்பு எங்கிருந்து வந்தது? எதைக் கலந்தீர்கள்? ஐந்து பேர் என்று எண்ணி எழுதத் தெரிந்த உங்களுக்கு, அவர் கேட்ட இந்த ஒரு கேள்வியை எழுதத் தெரியவில்லையா?

அவருடைய கடிதம் புருஷன் பெண்சாதிக்குள் உள்ளது. அது உங்களுக்கு இல்லை.

ஞானதீபம்


நாரணாபுரம்
16-2-1959
(கார்டு)

ஞானதீபத்துக்கு,

மோரில் உப்புப் போடவில்லை. நான் விசுவாசிக்கிற கர்த்தர் அறிய ஒரு கல் உப்புப் போடவில்லை. கிணற்றடியில் நிற்கிறவளுக்குக் கேட்டதை வைத்து என்மேல் கொலைப்பழி எழுதுகிறாய். உன் வார்டில் பிள்ளை பெறுகிறவர்களிடம் என் வீட்டுக் கதை கேட்பதை விட்டுவிட்டு, எட்டு வயசு மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். இரண்டு கடிதமாக நீ கேட்கவில்லை.

இன்பம்


பாளையங்கோட்டை
23-2-1959

மதினி அவர்களுக்கு,

கார்டில் எழுதியிருக்கிறீர்கள். தபால்காரரும் போஸ்ட் மாஸ்டரும் படித்திருப்பார்கள். நல்லது, நானும் ஊரறியத்தானே கேட்டேன்.

என் மகளைப் பற்றிக் கேட்காமல் இருப்பேனா? இனி அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. முழுப் பரீட்சை ஏப்ரல் கடைசியில் முடிகிறது என்று உங்கள் வீட்டு அண்ணன் எழுதியிருக்கிறார்கள். மே மாதம் இரண்டாம் தேதி சனிக்கிழமை நான் வந்து கிருபையை அழைத்துக்கொண்டு போவேன். இங்கே கான்வென்டில் இடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் உங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கும் வரமாட்டாள். உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளையை ஐந்து வருஷம் விட்டு வைத்தேன். அவள் என்னை விட்டு உங்களிடம் ஓடுவதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் அப்பாவையும் உங்களிடம் விட்டு வைத்தேன். போதும்.

அதற்குள் அவளுக்கு எதையாவது அரைத்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டால் போலீசோடு வருவேன்.

ஞானதீபம்


நாரணாபுரம்
29-3-1959

ஞானதீபத்துக்கு ஸ்தோத்திரம்.

ஐந்து வாரமாக எழுதவில்லை. இன்று உயிர்த்தெழுந்த பண்டிகை. கோயிலில் எல்லோரும் நற்கருணை எடுக்க முன்னால் போனார்கள். நான் பின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். போதகரம்மா வந்து, "மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார்கள். மேலுக்கு ஒன்றுமில்லை. கையில் ஒரு பொய் இருக்கும்போது அந்தக் கிண்ணத்தைத் தொட எனக்குப் பயம்.

நான் உப்புப் போடவில்லை என்று எழுதியது சத்தியம். ஆனால் அது கரித்தது. அவன் குடித்து வைத்த டம்ளரின் அடியில் இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு மாதிரி, கொஞ்சம் கசப்பு. உறை மோர் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவன் கேட்டதும் நான் அதட்டியதும் வெள்ளைத்தாய் சொன்னபடிதான். நோட்டில் அன்றே எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் விட்டுவிட்டேன். "முழுங்குலே" என்பதுதான் நான் அவனிடம் பேசிய கடைசி நல்ல பேச்சு. அதை உன் கையில் கொடுக்க மனசில்லை.

நீ உப்பு உப்பு என்று எழுதிய பிறகு நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். பின் பக்கத்தில் இரவல் கணக்கு இருக்கிறது. முறம், உரல், ஏணி, என்ன போனது என்ன வந்தது என்று எழுதுவேன். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்:

"13-12-58 சனி மதியம். கல்வம், குழவி. ஞானசீலன் கேட்டு வாங்கினது. நாளைக்கு நமக்கு வேலை இல்லை.

14-12-58 ஞாயிறு சாயங்காலம். கல்வம், குழவி. கிருபை கொண்டுவந்து வைத்தது. அடி வெளுத்திருக்கிறது. அரிசி மாவு அரைத்தான் போலும். துடைத்திருக்கிறது."

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்கிறான், நீ வரப்போகிற சந்தோஷம் என்று நினைத்து, என்னத்துக்கு என்று கேட்காமல் கொடுத்தேன். அந்த வெளுப்பின்மேல்தான் திங்கட்கிழமை இலையை அரைத்தேன். தண்ணீர் விடவில்லை. என் சட்டம் எனக்குத் தெரியுமே.

அவன் என்ன அரைத்தான் என்று எனக்குத் தெரியாது. கிருபையிடம் கேட்டேன். "அப்பா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாக அத்தை" என்று வெளியே ஓடிவிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற ரூமில் வேலை பார்த்தவன் எதை அரைத்தானோ. கடைசிக் கடிதத்தில் உனக்கு எழுதியிருப்பான். இருந்தால் சொல்.

ஜனவரியிலிருந்து நான் யாருக்கும் மருந்து அரைக்கவில்லை. பெத்தணன் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தான், கண்ணெல்லாம் மஞ்சள். சிவகாசிக்குப் போ என்று வாசலோடு அனுப்பினேன்.

கிருபை கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறாள்.

இன்பம்

அம்மாவுக்கு கிருபை எழுதிக்கொள்வது. நான் சுகம். கணக்கில் 92. அத்தை கல்வத்தைச் சாக்கில் சுற்றி மச்சில் வைத்துவிட்டார்கள். நான் எடுத்துத் துடைத்து வைக்கட்டுமா என்று கேட்டதற்கு அடித்துவிட்டார்கள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நீங்கள் எப்போது வருவீர்கள்? உங்களுக்கு ஒரு சாமான் வைத்திருக்கிறேன்.


பாளையங்கோட்டை
6-4-1959
(கார்டு)

கடிதம் கிடைத்தது. கிருபையிடம் இனி எதுவும் கேட்க வேண்டாம். பிறகு எழுதுகிறேன்.

ஞானதீபம்


பாளையங்கோட்டை
20-4-1959

மதினி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். அண்ணனுக்கும் காட்டவேண்டாம்.

அவர் ஞாயிற்றுக்கிழமை எழுதியது இது. நீங்கள் கேட்டபடி முழுவதும் பார்த்து எழுதுகிறேன்.

"தீபம், கண் வெளுத்துவிட்டது. அக்கா கையால் சாணியைக் கொடுத்தாலும் குணமாகும் போல. நீ கேட்ட பச்சை மத்தாப்பு தயார். நம்ம கம்பெனிப் பச்சை உனக்குப் பிடிக்காது, மங்கல் என்பாய். பச்சைக்குப் போடுகிற உப்பைக் கொஞ்சம் கொண்டுவந்து மாவாக அரைத்துச் சேர்த்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கொளுத்திப் பார், வயல் எரிகிற மாதிரி இருக்கும். அக்காவிடம் கல்வம் வாங்கி அரைத்தேன். எதற்கு என்று சொன்னால் வீட்டில் வெடிமருந்தா என்று குதிக்கும். கழுவி அனுப்பலாம் என்று தண்ணீரை மொண்டேன், உன் மகள் விடவில்லை. 'அத்தை கல்வத்துல தண்ணி படக்கூடாதுப்பா, பட்டுச்சுன்னா மருந்தெல்லாம் போயிரும்'னு பிடுங்கிக்கொண்டு போய், துணியை எடுத்து அவளே துடைக்கிறாள். எவ்வளவு அக்கறையாகத் துடைக்கிறாள் தெரியுமா? உன் ஆஸ்பத்திரியில் இவளை நர்ஸாகச் சேர்த்துக்கொள்."

அவ்வளவுதான். மீதி நீங்கள் படிக்க வேண்டியது இல்லை.

அந்த உப்பு என்னவென்று எனக்குத் தெரியும். உள்ளே போனால் முதலில் வாந்தி, பிறகு கை கால் விழும், பிறகு நெஞ்சு நிற்கும். நாங்கள் படித்திருக்கிறோம். ஜனவரி இரண்டாம் தேதி, இங்கே திரும்பிய அன்றே, இந்தக் கடிதத்தைப் படித்தேன். உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் உங்கள் செடியைத் திட்டினேன். செடியாக இருந்தால் பழி உங்களோடு போய்விடும். கல்வம் என்றால் என்னிடம் வரும், பச்சை கேட்டது நான்தானே. என்னோடும் நிற்காது. துடைத்தவளிடம் போய் நிற்கும்.

நீங்கள் நோட்டைப் புரட்டாமல் இருந்திருக்கலாம். புரட்டியதற்காகவே உங்களை வெறுக்கிறேன்.

ஞானதீபம்


நாரணாபுரம்
24-4-1959

ஞானதீபத்துக்கு,

கடிதத்தைப் படித்தேன். தனியாகத்தான் படித்தேன். படித்து முடித்து அடுப்பில் போட்டுவிட்டேன். என் தம்பியின் எழுத்து உன்னிடம் இருக்கிறது. நீயும் அதை அடுப்பில் போடு. வைத்திருந்தால் ஒரு நாள் அவள் கையில் கிடைக்கும்.

நேற்று அவளே அந்தச் சாமானை எடுத்துக் காட்டினாள். டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய பாவாடைக்குள் சுற்றி, கம்பி மத்தாப்பு ஒன்பது. அம்மா பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொளுத்தணுமாம். ஈரம் பட்டுப் போச்சு தாயி, பிடிக்காது என்று சொல்லி வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். அழுதாள். அழுதுகொண்டே, "அத்தை, அன்னைக்கு நான் கல்வத்தை நல்லாத்தானே தொடச்சேன்?" என்று கேட்டாள். எங்கிருந்து அவளுக்கு அந்தக் கேள்வி வந்ததோ தெரியவில்லை. மச்சில் ஏற்றி வைத்த கல்வமும், நான் அடித்த அடியும், நான் துருவித் துருவிக் கேட்டதும் அவள் மனசுக்குள் கிடந்து உருள்கிறது. "நீ நல்லாத்தான் தொடச்சே. உன்னை மாதிரி யாரும் தொடைக்க மாட்டாக" என்றேன்.

அவளுக்கு எட்டு வயசு. கணக்கில் 92 வாங்குகிறவள். பதினைந்து வயசில் இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்க்க மாட்டாளா? அப்பா கம்பெனியில் என்ன வேலை பார்த்தார், எதை அரைத்தார், தண்ணீர் விடக்கூடாது என்றது யார் என்று கேட்பாள். அதற்கு முன்னால் அவள் கையில் வேறு பதில் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். கெட்டியான பதில். நீயும் நானும் ஒன்றுபோலச் சொல்லுகிற பதில்.

அந்தப் பதிலை நீயே ஜனவரியில் எழுதியிருக்கிறாய். அத்தை பச்சிலை கொடுத்தாள், அது ஒத்துக்கொள்ளவில்லை, அப்பா செத்துப்போனார். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் நம்புகிறார்கள். நீ கூப்பாடு போட்டதில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. அதையே அவளிடமும் சொல். நான் மறுக்க மாட்டேன். என்றைக்கும் மறுக்க மாட்டேன்.

சொல்லி முடித்துவிட்டேன் என்றும் வைத்துக்கொள். இன்று காலை அவளை நிற்க வைத்துக்கொண்டுதான் கிணற்றடியில் இருந்த கரிசாலையைப் பூராவும் பிடுங்கினேன். பதினாலு வருஷத்துச் செடி. இரண்டு கை கொள்ளாத பூ இருந்தது. "ஏன் அத்தை பிடுங்குதீக?" என்றாள். "இதுதான் உங்கப்பாவுக்கு ஆகலை. உன் அத்தை கெட்டிக்காரின்னு நெனச்சுக் கொடுத்துட்டேன்" என்றேன். பிறகு நான் தொட வந்தபோது ஒரு அடி பின்னால் போனாள். போகட்டும். ஒரு கணு ஈரத்தில் கிடந்தாலும் அந்தச் செடி திரும்ப வேர் விடும். தினம் போய்ப் பார்த்துப் பிடுங்குகிறேன்.

கல்வத்தை ஊருக்கு மேற்கே உள்ள பாழுங்கிணற்றில் போட்டாயிற்று. நோட்டில் முப்பத்தெட்டாம் பெயருக்கு எதிரே "என் கைப்பிசகு" என்று எழுதினேன். இரவல் கணக்கில் அந்த இரண்டு வரியையும் மை ஊற்றி அழித்தேன். இதுவரை நான் எழுதினதில் ஒரு எழுத்தை அழித்ததில்லை. கர்த்தரிடம் இதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். உன்னிடம் சொல்ல வேண்டியது இல்லை.

இதையெல்லாம் உன்மேல் உள்ள பிரியத்தினால் செய்வதாக நினைத்துவிடாதே. தெரிந்துகொண்டே நாலு மாதம் என்னைக் கொலைகாரி என்று எழுதினாய். அதை நான் மறக்கவில்லை, மன்னித்தேன் என்று எழுதவும் மாட்டேன். நீயும் அப்படி ஒன்றும் எழுதாதே. இருவருக்கும் அந்த வேலை இல்லை.

கிருபைக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. பரீட்சை வருகிற புதன்கிழமையோடு முடிகிறது. மே இரண்டாம் தேதி நீ வந்து அழைத்துக்கொண்டு போகிறாயா, அல்லது என் வீட்டுக்காரரோடு அனுப்பி வைக்கவா? அவளிடம் நான் சொன்னதையே நீயும் சொல்வாய் என்று ஒரு வரி எழுது. கார்டில் வேண்டாம், ஒட்டி அனுப்பு. சீக்கிரம் பதில் போடு.

இன்பம்